காரீயம் இரண்டு

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறும் பெருவீதியிலே, மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிற்றூர் புசல்லாவை. ஈழத்துத் தேயிலையின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் இவ்வூரின் பெயரும் உடன் பேசப்படுவதுண்டு. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டு அத்தொழிலுக்கு அடிகோலினார். அதற்கு ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1841ஆம் ஆண்டளவில், மொரிஸ் வேர்ம்ஸ் என்பார் சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலைக் கன்றுகளைப் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்திலே நாட்டியிருந்தார். எனினும், அக்காலத்தில் அம்மலைகளை ஆண்ட பயிர் கோப்பியே. கோப்பியை நோய் அழித்த பின்னரே தேயிலை அரசேறியது.

தேயிலை அரசேறிய நாள்களில், மலைநாட்டுத் தொழிற்சாலைகளின் பொதி கட்டும் அறையில் இரண்டு பொருள்களைத் தவறாது காணலாம். ஒன்று, தேயிலை நிரப்பும் மரப்பெட்டியின் உட்புறத்தில் பதிக்கப்பட்ட மெல்லிய ஈயத்தாள். மற்றொன்று, பெட்டிகளை எண்ணி நிறை குறிக்கும் கணக்கப்பிள்ளையின் காதிலே செருகியிருந்த பென்சில். இவ்விரண்டும் ஒரே பெயரைத் தாங்கியவை என்பது வியப்புக்குரியது. தமிழகத்திலே காரீயம் என்றால் அஃது ஈயம் என்னும் உலோகம். வெள்ளீயத்திலிருந்து வேறுபடுத்துவதற்காக அதற்கு அப்பெயர் வாய்த்தது. ஈழத்திலோ காரீயம் என்பது பென்சிலின் உள்ளீடாகிய கரிய கனிப்பொருள். நம் சுரங்கங்களிலிருந்து கப்பலேறிய பொருள். முன்னையது உலோகம். பின்னையது உலோகமே அன்று. அடுப்புக்கரியோடும் வைரத்தோடும் உடன்பிறந்த காபன் என்னும் அல்லுலோகம்.

இக்குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் இதே மயக்கத்தில் இருந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பொரோடேல் பள்ளத்தாக்கிலே கரிய கனிப்பொருள் ஒன்று வெட்டியெடுக்கப்பட்டது. தாளில் தேய்த்தால் ஈயத்தைப்போல் கோடு இழுத்தது, ஈயத்தைப்போல் மினுமினுத்தது, கைக்கு வழுவழுப்பாகவும் இருந்தது. ஆகவே அதனைக் கறுப்பு ஈயம் என்றனர். இலத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிளம்பாகோ என்னும் பெயரையும் அதற்கு இட்டனர். அதே தோற்றமுடைய வேறொரு தாதுவுக்குக் கிரேக்க மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மொலிப்டினா என்று பெயர் வந்தது. ஈயம், காரீயம், மொலிப்டினா என்னும் மூன்றும் ஒரு குடும்பத்தவையே எனக் கண்ணும் கையும் சான்று கூறின. அச்சான்று பொய் என்று மெய்ப்பித்தது அமிலம்.

அமிலங்களுள் மனிதன் முதலில் அறிந்தவை மெலிந்தவை. புளி, தேசிக்காய், காடி ஆகியவற்றின் புளிப்பே அவற்றுக்குச் சான்று. இடைக்காலத்தில் அரபு நாட்டாரும் ஐரோப்பியரும் தாதுப்பொருள்களைக் காய்ச்சி வடித்து வலிய அமிலங்களை ஆக்கக் கற்றனர். வெடியுப்பிலிருந்து பெறும் நைத்திரிக்கமிலமும் கந்தகத்தோடு தொடர்புடைய சல்பூரிக்கமிலமும் அவற்றுள் தலையாயவை. நம் பொற்கொல்லர் திராவகம் என வழங்குவது இத்தகையதே. பொன்னிலே கலந்த வெள்ளியையும் செம்பையும் நைத்திரிக்கமிலம் கரைத்துவிடும். பொன்னை அது தீண்டாது. ஆகவே, பொருள்களின் இனம் காண்பதற்கு அமிலத்தை நடுவராக வைக்கும் வழக்கம் பட்டறையிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இவ்வழக்கத்தை ஆய்வுகூடத்துக்கு உரியதாக்கியவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டவரான கார்ல் வில்லெல்ம் ஷீலே. அவர் மருந்துக்கடை நடத்தியவர். செல்வமோ பல்கலைக்கழகப் பதவியோ பெற்றவர் அல்லர். 1778ஆம் ஆண்டில் அவர் மொலிப்டினாவை நைத்திரிக்கமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். கரிய தாது சிதைந்து வெண்ணிறப் பொடி ஒன்று எஞ்சியது. கறுப்பு ஈயம் எனப்பட்ட பென்சிற் பொருளோ அவ்வாறு மாறவில்லை. எனவே இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பது முடிவாயிற்று. அடுத்த ஆண்டில் ஷீலே அந்தப் பென்சிற் பொருளை வெடியுப்போடு சேர்த்துக் கடுஞ்சூட்டில் எரித்தார். கரி எரியும்போது தோன்றும் அதே வாயு வெளிப்பட்டது. ஈயத்தின் அடையாளம் எதுவும் அதில் இல்லை. கறுப்பு ஈயம் உண்மையில் ஒருவகைக் கரியே என்று அவர் 1779ஆம் ஆண்டில் அறிவித்தார். பத்தாண்டுகளின் பின்னர், 1789இல், செருமானியக் கனிப்பொருளியல் அறிஞர் வேர்ணர் அதற்குக் கிரபைற்று என்று புதுப்பெயர் இட்டார். எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. பொருளின் இயல்பு தெரிந்தது. ஆயினும் பழம் பெயர் மக்கள் நாவை விட்டு நீங்கவில்லை.

அமிலம் ஏன் உலோகத்தை ஒருவாறும் அல்லுலோகத்தை வேறொருவாறும் நடத்துகின்றது? இவ்வினாவுக்கு விடைகாண ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் என்றி கவெண்டிஷ் நாகம், இரும்பு, வெள்ளீயம் ஆகிய உலோகங்களை நீர் கலந்த அமிலங்களில் இட்டு, குமிழியிட்டு எழுந்த வாயுவைச் சேகரித்து அளந்தார். அது தீப்பற்றும் இயல்புடையதாய், காற்றைவிட மிக இலேசானதாய் இருந்தது. அவ்வாயு உலோகத்தினின்றே வெளிவருகின்றது என்று அவர் கருதினார். நுண்ணிதாக அளந்தவரே ஆயினும், வாயு பிறந்த இடத்தைப் பற்றிய அவர் கருத்துப் பிழையாயிற்று.

அப்பிழையைத் திருத்த மூன்று நாட்டு அறிஞர் உழைக்க வேண்டியிருந்தது. பிரான்சின் இலவோசியே அவ்வாயு நீரின் கூறு எனக் கண்டு, நீரை ஆக்குவது என்னும் பொருள்பட அதற்கு ஐதரசன் என்று பெயரிட்டார். ஆயினும் அமிலங்களுக்குப் புளிப்பைத் தருவது ஒட்சிசன் என அவரும் தவறாக எண்ணினார். இங்கிலாந்தின் அம்பிரி டேவி 1810ஆம் ஆண்டில் குளோரீன் ஒரு மூலகமே என்று நிறுவியபோது, உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பது தெளிவாயிற்று. செருமனியின் இலீபிக் 1838ஆம் ஆண்டில், உலோகத்தால் இடம்பெயர்க்கத்தக்க ஐதரசனை உடையதே அமிலம் என வரையறுத்தார். ஆகவே, குமிழியிட்டு எழும் வாயு உலோகத்தினுடையதன்று, அமிலத்தினுடையது. உலோகம் அமிலத்தினுள் புகுந்து ஐதரசனை வெளியேற்றி, அதன் இடத்திலே தான் அமர்ந்துகொள்கின்றது. அவ்வாறு அமர்ந்ததன் விளைவே உப்பு.

சுவீடன் அறிஞர் அரேனியசு 1884ஆம் ஆண்டில் தொடங்கி வளர்த்த அயன் கொள்கையும், 1897ஆம் ஆண்டில் ஜே. ஜே. தொம்சன் கண்ட இலத்திரனும் இவ்விளக்கத்தை நிறைவு செய்தன. உலோக அணு தன் புறத்தேயுள்ள இலத்திரன்களை எளிதில் இழக்கும் இயல்புடையது. அமிலக் கரைசலில் உள்ள ஐதரசன் அயன் அவ்விலத்திரனைப் பெற்று வாயுவாகின்றது. அல்லுலோக அணுவோ இலத்திரனைக் கொடுக்கும் இயல்புடையதன்று. பெறும் இயல்பே அதனிடம் மிகுதி. ஈவார் இல்லாதவிடத்து ஏற்பாரும் வறிதே இருப்பர். ஐதரோக்குளோரிக்கமிலத்திலே நாகத்தை இட்டால் நுரை பொங்குவதும், கந்தகத்தையோ கரியையோ இட்டால் எதுவும் நிகழாமற் கிடப்பதும் இக்காரணத்தாலேயே.

உலோகங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. உருசிய அறிஞர் பெக்கெத்தோவ் 1865ஆம் ஆண்டில், எந்த உலோகம் எதனை வெளியேற்றும் என்பதை ஆராய்ந்து உலோகங்களை வரிசைப்படுத்தினார். நாகமும் இரும்பும் ஐதரசனுக்கு மேலே நிற்பவை. வெள்ளீயமும் ஈயமும் அதற்குச் சற்றே மேலே நிற்பவை. செம்பு, வெள்ளி, பொன் என்பன அதற்குக் கீழே நிற்பவை. இவற்றால் அமிலத்தின் ஐதரசனை வெளியேற்ற இயலாது. இவ்வரிசையை எவரும் எழுதிவைக்கும் முன்பே, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் அதனைத் தொழிலிலே கடைப்பிடித்தன. கோப்பிப் பழத்தின் சதையை நீக்கும் பொறியின் உருளைக்குச் செம்புத் தகடு போர்த்தப்பட்டது. பழச்சாறு புளித்து அமிலமாகும். அவ்வமிலமும் ஈரமும் இரும்பை விரைவில் அரிக்கும். செம்போ நின்று உழைக்கும். கண்டியில் 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜோன் வோக்கர் நிறுவனம் இத்தகைய கோப்பிப் பொறிகளை ஆக்கியே பெயர்பெற்றது. பின்னர்த் தேயிலை வந்தபோதும் கொழுந்தை உருட்டும் மேசைகளுக்குப் பித்தளை பயன்பட்டது. கொழுந்தின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேருமாயின் மை போன்ற கருநிறம் உண்டாகும் என்பதைத் தொழிலறிந்தோர் உணர்ந்திருந்தனர்.

தொழிற்சாலையிற் செம்பு நன்மை செய்தது. ஆயின் அடுக்களையிலே அதுவே தீங்கும் செய்யவல்லது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் பித்தளைப் பாத்திரங்களையும் தம்முடன் கொணர்ந்தன. புளியிலே தார்த்தாரிக்கமிலமும் தேசிக்காயிலே சித்திரிக்கமிலமும் உண்டு. முன்னையதை 1769ஆம் ஆண்டிலும் பின்னையதை 1784ஆம் ஆண்டிலும் பிரித்தெடுத்தவர் அதே ஷீலேயே. செம்பு தானாக ஐதரசனை வெளியேற்றாது என்பது உண்மை. ஆயினும் காற்றிலுள்ள ஒட்சிசன் துணைசெய்யுமிடத்து அது மெல்லமெல்ல அமிலத்திற் கரைந்து களிம்பாகின்றது. பித்தளையிலே செம்போடு கலந்துள்ள நாகத்தையும் புளிப்பு எளிதில் தாக்கும். புளிக்கறி பித்தளையிற் கிடந்து கைத்துப் போவதும், உண்டவர் வயிறு புரட்டி வாந்தி எடுப்பதும் இதனால் விளைவன.

இதற்குப் பழந்தமிழர் இல்லங்கள் கண்ட மாற்று, பாத்திரத்தின் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசுதல். ஈயம் பூசுபவர் பாத்திரத்தை நெருப்பிலே காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவித் துடைப்பார். சூட்டினால் நவச்சாரம் பிரிந்து எழும் அமிலப் புகை, செம்பின் மேலுள்ள களிம்பைத் தின்று தூய உலோகத்தை வெளிப்படுத்தும். அதன்மீது உருகிய வெள்ளீயம் பளபளவென்று பரவும். அமிலத்தின் துணைகொண்டே அமிலத்துக்கு அரண் அமைக்கும் இக்கைத்தொழில், வேதியியல் நூல் எதனையும் பாராமல் வளர்ந்தது. கும்பகோணத்து ஈயச் சொம்பில் இரசம் வைக்கும் வழக்கமும் இவ்வகையினதே; அச்சொம்பின் பொருள் வெள்ளீயம்.

இங்கேதான் பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடத் தொடங்குகின்றது. வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்னும் ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கத்தினால், விலை மலிந்த காரீயம் வெள்ளீயத்தோடு கலந்துவிடுதல் எளிது. புளிப்பிலே வெள்ளீயம் சிறிதே கரைந்தாலும் பெருந்தீங்கு இல்லை. காரீயம் கரைந்தாலோ அது நஞ்சு. உடலை விட்டு எளிதில் நீங்காது எலும்பிலே படிந்து, குருதியைக் கெடுத்து, சிறுவரின் அறிவு வளர்ச்சியையும் குன்றச் செய்யும். அதன் உப்புகளுட் சில இனிப்புச் சுவையுடையன ஆதலின் நாவும் எச்சரிக்காது. பழைய உரோமர் திராட்சைச் சாற்றை ஈயக் கலங்களில் வற்றக் காய்ச்சி இனிய பாகு செய்து உண்டனர். அப்பாகில் ஈயம் கரைந்திருந்தது. பாத்திரம் வாங்குவோரும் பூசுவிப்போரும் எந்த ஈயம் என்று கேட்பது வீண் ஐயமன்று. குடும்பத்தைக் காக்கும் அறிவு.

அவ்வாறாயின் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் தீங்கு செய்யவில்லையோ என்னும் வினா எழும். ஈயத்தாள் பதிக்கும் முறை சீனரிடமிருந்து வந்தது. காகிதம் போர்த்திய இரண்டு பெரிய ஓடுகளுக்கு இடையே உருகிய ஈயத்தை ஊற்றி அழுத்தி, அவர் மெல்லிய தாள் செய்தனர். அத்தாளைப் பெட்டியினுள் பதித்துப் பற்றுவைத்து மூடினால், மாதக்கணக்கான கடற்பயணத்திலும் ஈரமும் அயல்மணமும் உட்புகா. அமிலம் நீரோடு கூடியே தன் தொழிலைச் செய்யும். நீரில்லாதவிடத்து அது உறங்கும். நன்கு உலர்ந்த தேயிலை ஈயத்தோடு பெரும்பாலும் பகை கொள்ளாதிருந்தமைக்கு அதுவே காரணம். எனினும் நஞ்சு நஞ்சே. இருபதாம் நூற்றாண்டில் அலுமினியத் தாள் அதன் இடத்தைப் பிடித்தது. அலுமினியம் வரிசையில் ஈயத்தைவிட மிக மேலே நிற்பது. ஆயினும் காற்றுப்பட்டவுடன் தோன்றும் ஒட்சைட்டுப் படலம் அதற்குக் கவசமாகின்றது.

ஈயத்துக்கும் அத்தகைய கவசம் ஒன்று உண்டு. சல்பூரிக்கமிலம் ஈயத்தைத் தொட்டவுடன் கரையாத உப்பு ஒன்று அதன் மேலே படிந்து, உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கும். இவ்வியல்பை அறிந்தே, 1746ஆம் ஆண்டில் ஜோன் ரோபக் இங்கிலாந்தின் பேமிங்காமிலே ஈயத்தாலான அறைகளை அமைத்து அவ்வமிலத்தைப் பெருவாரியாக ஆக்கினார். ஆகவே ஈயம் அமிலத்தை எதிர்த்து நிற்கின்றது. ஈழத்துக் காரீயமும் எதிர்த்து நிற்கின்றது. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே போலும்! ஆயின் காரணம் வேறு. ஈயம் நிற்பது கவசத்தால். காரீயம் நிற்பது இயல்பால். நைத்திரிக்கமிலத்தில் இட்டால் இவ்வேறுபாடு வெளிப்படும். அங்கே ஈயத்துக்குக் கவசம் இல்லை. அது கரைந்து உப்பாகின்றது. காரீயம் கரைவதும் இல்லை, உப்பாவதும் இல்லை.

நைத்திரிக்கமிலம் பிற அமிலங்களைப் போன்றதன்று. ஐதரசனை ஈவதோடு அமையாது ஒட்சிசனையும் வலிந்து ஏற்றவல்லது. ஐதரசனுக்குக் கீழே நிற்கும் செம்பையும் அது கபிலநிறப் புகை எழக் கரைப்பது இதனாலேயே. செறிந்த நைத்திரிக்கமிலத்திலே கந்தகத்தைக் காய்ச்சினால் அது சல்பூரிக்கமிலமாகின்றது. பொசுபரசு பொசுபோரிக்கமிலமாகின்றது. அடுப்புக்கரி காபனீரொட்சைட்டாகிப் பறந்து போகின்றது. இங்கே ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. உலோகம் அமிலத்தோடு கூடினால் அமிலத்தின் புளிப்பு அழிந்து உப்புப் பிறக்கின்றது. அல்லுலோகம் வலிய அமிலத்தோடு கூடினால் தானே அமிலமாக மாறுகின்றது. பகைவனை அடக்குவது முன்னையதன் வழி. பகைவனின் இயல்பைத் தான் மேற்கொள்வது பின்னையதன் வழி.

காரீயமும் இவ்வொழுங்குக்கு உட்பட்டதா என்பதை ஆராய்ந்தவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புரோடி. அவர் கையாண்ட பொருள் இலங்கைக் காரீயம். கேகாலையின் போகலை, குருணாகலின் கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிலே பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாய் ஓடும் இலங்கைக் காரீயம் தூய்மையாற் சிறந்தது. அமிலத்துக்கும் அழியாது, உருகிய உலோகத்தின் சூட்டுக்கும் அஞ்சாது நிற்பதனால், உலோகங்களை உருக்கும் மூசைகளுக்காக அதனை மேனாட்டார் விரும்பி வாங்கினர். முதல் உலகப் போர்க் காலத்தில், 1916ஆம் ஆண்டில், ஏறத்தாழ 33,000 தொன் ஏற்றுமதியாயிற்று. உலோகத்தின் பெயரைத் தாங்கிய அல்லுலோகம், உலோகங்கள் யாவும் உருகும் கலமாயிற்று.

புரோடி 1859ஆம் ஆண்டில் இலங்கைக் காரீயத்தைப் பொற்றாசியங் குளோரேற்றோடும் புகையெழும் நைத்திரிக்கமிலத்தோடும் மீண்டும் மீண்டும் சேர்த்துப் பதப்படுத்தினார். ஒருமுறை செய்து பயன் காணாது விட்டிருந்தால் காரீயம் அமிலத்துக்கு இசையாது என்றே உலகம் எண்ணியிருக்கும். அவர் விடவில்லை. ஈற்றிலே கருநிறம் மாறி வெளிறிய மஞ்சள் நிறப் படிகம் கிடைத்தது. அது அமில இயல்புடையதாயிருந்தது. அது கிரபைற்றிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. மிக அடங்காத அல்லுலோகமும் தன் இனத்தின் ஒழுங்கை மீறவில்லை. அதுவும் அமிலமாகவே மாறிற்று.

அக்கண்டுபிடிப்பு நூறாண்டுகள் பெரும்பாலும் நூலகத்தில் உறங்கியது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞரான அம்மர்சும் ஒவ்மனும் சல்பூரிக்கமிலத்தையும் பொற்றாசியம் பெர்மங்கனேற்றையும் கொண்டு அப்பொருளை விரைவாக ஆக்கும் வழியைக் கண்டனர். 2004ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டரில் கெயிமும் நோவோசெலோவும் காரீயத்திலிருந்து ஓர் அணுத் தடிப்பே உடைய கிரபீன் ஏட்டைப் பிரித்தெடுத்து, 2010ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அதன்பின் புரோடியின் மஞ்சட்பொருள் புத்துயிர் பெற்றது. காரீயத்தை அமிலத்தால் ஒட்சியேற்றி ஏடேடாகப் பிரித்துக் கிரபீன் இனப் பொருள்களை ஆக்கும் வழி இன்று பல நாடுகளிற் கையாளப்படுகின்றது. இலங்கையிலும் அம்முயற்சி நடைபெறுகின்றது. மூட்டையாகக் கப்பலேறிய பொருளை அறிவினால் உயர்த்தி விற்கும் வாய்ப்பு, ஒரு பழைய அமிலச் சோதனையிலிருந்து பிறந்துள்ளது.

ஈயத்தாள் பதித்த தேயிலைப் பெட்டி இன்று வழக்கொழிந்தது. பென்சில் மட்டும் புசல்லாவைச் சிறுவரின் கையிலே இன்றும் உண்டு. அச்சிறுவர் பென்சில் முனையை வாயில் வைக்கும்போது, ஈயம் நஞ்சு என்று பெற்றோர் பதறுவது பல இல்லங்களிற் காணும் காட்சி. பென்சிலின் உள்ளே ஈயம் இல்லை. களிமண்ணோடு கலந்த காரீயமே உண்டு. அதேவேளையில், சந்தையில் வாங்கிய பூச்சுப் பாத்திரத்தில் உண்மையான ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அஞ்சவேண்டாத இடத்தில் அஞ்சுவதும், அஞ்சவேண்டிய இடத்தில் அயர்ந்திருப்பதும் ஒரே பெயர் செய்த வேலை. பெயரை நம்பிப் பொருளை மதிப்பிடாது, பொருளைச் சோதித்துப் பெயரை மதிப்பிடுவதே ஷீலே தம் சிறிய மருந்துக்கடையிலிருந்து உலகுக்கு விட்டுச்சென்ற பாடம். அப்பாடம் ஆய்வுகூடத்துக்கு எவ்வளவு உரியதோ, அடுக்களைக்கும் அவ்வளவு உரியது.